கொக்குக் கடை ஜெபராணி

ஒரு பெண் பீர் ஊற்றிக் கொடுத்துப் பிழைக்கிறாள் என்று கேட்டதும் உங்கள் முகம் ஏன் கோணுகிறது?

அதே பெண் ஊசி போட்டுப் பிழைத்தால் தெய்வம் என்கிறீர்கள். கம்ப்யூட்டர் தட்டிப் பிழைத்தால் ஜாதகத்தோடு வாசலில் வந்து நிற்கிறீர்கள். ஊற்றி வைத்ததை மடமடவென்று குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொள்கிற ஆண்பிள்ளையை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஊற்றியவள் மட்டும் கெட்டுப்போனவளா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். ஜெபராணியின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஜெபராணி குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அம்மா தலைச்சுமையாக மீன் விற்றவள். ஏலம் கூறுகிற இடத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைக்கு, நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் யார் என்ன சொன்னான் என்று காது தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளும். அந்தக் காதோடுதான் அவள் வளைகுடாவுக்கு விமானம் ஏறினாள். அமீரகத்தில் அல் ஐன் என்ற ஊரில் ஒரு ஹோட்டல்; அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. ஒருநாள் கீழே இருக்கிற பப்பில் ஆள் பற்றாக்குறை. "கிளாஸ் மட்டும் கழுவிக் கொடு, போதும்" என்று இழுத்துக்கொண்டு போனார்கள். ஆறு பேர் ஒரே மூச்சில் சொன்ன ஆர்டரை அவள் வரி பிசகாமல் திருப்பிச் சொன்னதைப் பார்த்தார்கள். பிறகு மேலே அனுப்பவே இல்லை. அதற்குப் பத்து வருஷம் ஆகிறது. இன்றைக்கு அந்தக் கவுண்டருக்கு அவள்தான் சூப்பர்வைசர்.

பப்பின் பெயர் 'தி தர்ஸ்டி ஹெரான்'. தாகமெடுத்த கொக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்காக அந்தக் காலத்தில் சாராயக் கடைகளுக்குப் படம் வரைந்த பலகை மாட்டினார்கள். சிங்கம், வாத்து, ராஜா தலை என்று படத்தைப் பார்த்துக் கடையை அடையாளம் கண்டார்கள். அந்த வழக்கம் அல் ஐன் வரைக்கும் வந்து, ஒற்றைக் காலில் நிற்கிற கொக்காக வாசலில் தொங்குகிறது. ஹோட்டலில் வேலை செய்கிற மலையாளியும் தமிழரும் அதைக் கொக்குக் கடை என்றார்கள். பிறகு நேபாளிகளும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

உள்ளே போனால் சிரிப்பு வரும். வெளியே ஆளை உருக்குகிற வெயில். உள்ளே கணப்பு எரியும்! மின்சார நெருப்புதான். தழல் ஆடும், சூடு வராது. அதற்கு நேர் எதிரே ஏசியை நடுங்க நடுங்க வைத்துக்கொண்டு, கம்பளத்தில் காலை நீட்டி, பிரிட்டிஷ் ஆசிரியர்களும் ஹெலிகாப்டர் பழுது பார்க்கிறவர்களும் தங்கள் ஊர் மழையைத் திட்டிக்கொண்டே குடிப்பார்கள். செவ்வாய்க்கிழமை விநாடி வினா. சுவரில் அம்பெறிகிற பலகை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வறுத்த இறைச்சியும் உருளைக்கிழங்கும்.

அந்தக் கடையில் ஜெபராணிக்கு ரொம்பப் பிடித்தது ஒரு வழக்கம். மேஜைக்கு வந்து யாரும் ஆர்டர் கேட்க மாட்டார்கள். குடிக்க வந்தவன்தான் கவுண்டருக்கு வரவேண்டும். வரிசைக்குக் கயிறும் இல்லை, கோடும் இல்லை. ஆனால் யாருக்குப் பிறகு யார் என்பது அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஊற்றுகிறவள் அந்தக் கண்ணுக்குத் தெரியாத வரிசையை மனசில் பிடித்துவைத்திருக்க வேண்டும். கம்பெனி டைரக்டரே வந்தாலும் சரி, போன மாதம் விசா அடித்து வந்த வாத்தியார் முன்னால் வந்திருந்தால் முதல் கிளாஸ் வாத்தியாருக்குத்தான். ரேஷன் கடையிலிருந்து கோயில் திருவிழா வரைக்கும் முன்னால் வந்தவனை ஓரமாக நிற்கவைத்துவிட்டு வேண்டியவனை உள்ளே விடுகிற ஊரிலிருந்து வந்தவளுக்கு இது எப்படி இனித்திருக்கும்!

கௌரிசங்கர் என்று சென்னைக்காரர் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். எண்ணெய்க் கம்பெனியில் பெரிய பதவி. முதல் தடவை வந்தபோது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கினார்.

"ஏம்மா, நம்ம ஊரா? கொஞ்சம் சீக்கிரம் குடும்மா."

"நம்ம ஊருதான் சார். அதனாலதான் உரிமையோட நிக்கச் சொல்லுகேன்."

அன்றைக்கு ஆரம்பித்து கௌரிசங்கர் ஒழுங்காக நிற்கிறார். மனசுக்குள் முணுமுணுப்பு இருக்கலாம். அது அவர் பாடு.

ஊற்றுவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. வெளிறிய லாகர் பீரைக் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஒரே போக்கில் நிரப்பிவிடலாம். கறுப்பாக இருக்கிற ஸ்டவுட் அப்படி இல்லை. முக்கால் கிளாஸ் ஊற்றி, அப்படியே வைத்துவிட வேண்டும். உள்ளே புழுதிக் காற்று மாதிரி ஒரு கலக்கம் ஓடும். அது அடங்கி, கறுப்பு கீழேயும் நுரை மேலேயும் பிரிந்த பிறகுதான் மிச்சத்தை ஊற்றலாம். அவசரக்காரர்களிடம் ஜெபராணி சொல்லுவாள்: "சாருக்குப் பொறும இல்லேன்னா எலுமிச்ச ஜூஸ் இருக்கு."

இதில் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் பல நூறு வருஷம் பீர் காய்ச்சியதும் விற்றதும் பெரும்பாலும் பெண்கள்தான். வீட்டில் காய்ச்சுவாள், பதமாக வந்ததும் வாசலில் ஒரு துடைப்பத்தை நீட்டி வைப்பாள், தெரு முழுக்க வந்துவிடும். நல்ல வருமானம் வர ஆரம்பித்ததும் ஆண்கள் தொழிலைக் கைக்குள் போட்டுக்கொண்டார்கள். சர்ச் சுவர்களில், பீர் விற்றவளைப் பேய்கள் நரகத்துக்குத் தூக்கிப்போகிற மாதிரி படம் வரைந்தார்கள். குடித்தவனைத் தூக்கிப்போகிற பேய்க்கு மட்டும் அங்கே பஞ்சம்! நமக்கும் இதில் பங்கு உண்டு. கள் விற்ற பெண்ணுக்கு அரியலாட்டி என்று பழந்தமிழில் அழகான சொல் இருந்தது. சொல்லைத் தொலைத்துவிட்டோம், வசையை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

அந்த வசைக்குப் பயந்தவர்களில் ஒருவர் ஜெபராணியின் கணவர் தேவசுந்தரம்.

நல்ல மனிதர். விளாத்திகுளம் பக்கம், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தெருவில் பிறந்து, ஐடிஐ படித்து, அபுதாபிக்கு அந்தப் பக்கம் ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் டெக்னீஷியன் ஆனவர். அபுதாபி மாதா கோயில் திருவிழாவில் ஜெபராணியைப் பார்த்தார். கடற்கரைக்காரியும் அந்தத் தெருக்காரனும் எப்படிச் சேரலாம் என்று இரண்டு ஊரிலும் தாம்தூம் என்று குதித்தார்கள். இரண்டு ஊரையும் பார்த்து 'கலாஸ்', அரபியில் முடிந்தது, என்று சொல்லிவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்படிப்பட்ட துணிச்சல்காரர், மனைவியின் வேலை என்று வந்தால் மட்டும் நத்தையாகச் சுருண்டுவிடுவார். ஊரில் தங்கச்சியிடம் சொன்னது, "ஹோட்டல் ரிசப்ஷன்." ஆலைத் தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப் ரூமில் சொன்னதும் அதுவே. நண்பர்களோடு அபுதாபிக்குப் போனால் இரண்டு பீர் குடிக்கத் தயங்காதவர், கல்யாணமாகி நாலு வருஷத்தில் கொக்குக் கடைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை லீவில் வருவார். ஜெபராணியைப் பார்ப்பது தெரிந்தவர் வீட்டிலோ பூங்காவிலோதான்.

ஜெபராணிக்கு இதில் மனசு புண். சம்பளம் கூட வேண்டும் என்றோ நகை வேண்டும் என்றோ அவள் கேட்டதில்லை. ஒரே ஒருநாள் அவர் வந்து கவுண்டருக்கு எதிரே நிற்க வேண்டும். தான் வேலை செய்கிறதைப் பார்க்க வேண்டும். இதுதான் என் மனைவியின் வேலை என்று வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. கொக்குக் கடையில் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. அவர்களுக்கென்று வெள்ளீயக் குவளை செய்து, பெயர் பொறித்து, கவுண்டருக்கு மேலே கொக்கியில் தொங்கவிடுவார்கள். அவர் வந்தால் அதில்தான் ஊற்ற வேண்டும். ட்ரெவர் என்ற இயற்பியல் வாத்தியார் அந்த வாடிக்கையாளர்களில் மூத்தவர். அவரும் மற்றவர்களும் சேர்ந்து, "எங்களைவிட ரொம்ப நாளாக இங்கே இருப்பது நீதான்" என்று ஜெபராணிக்கே ஒரு குவளை செய்து தர முடிவு செய்தார்கள். என்ன பெயர் பொறிக்க என்று கேட்டார்கள். அவளுக்கு பீர் வாடை பழக்கம், பீர் பழக்கமில்லை. தேவசுந்தரம் என்று பொறிக்கச் சொன்னாள்.

குவளை தொங்கியதும் பூரிப்போடு ருவைஸுக்கு போன் போட்டாள்.

"ஒரு சந்தோஷம் சொல்லுகேன், கேட்டியளா? இஞ்ச உங்களுக்குன்னு தனியா ஒரு கிளாஸு வச்சிருக்கு. பேரு எழுதித் தொங்கப் போட்டாச்சு."

லைன் சரியில்லையோ என்று அவள் குரலை உயர்த்தினாள்.

"கேக்குதா? தனி கிளாஸு. வேற ஆரும் அதுல குடிக்கக் கூடாது. நீங்க வந்தா அதுலதான் தருவோம்."

"ஏட்டி, ஒனக்குக் கூறு இருக்கா?" என்றார் தேவசுந்தரம். "எங்க அப்பா டீக்கடைத் தாழ்வாரத்துல தொங்குன தனி கிளாஸ எடுத்து, அவரே கழுவி, தள்ளி நின்னு நீட்டி டீ வாங்குனாரு. அத சகிக்க மாட்டாமத்தான் கடல் தாண்டி வந்தேன். நீ எனக்கு அல் ஐன்ல தனி கிளாஸ் மாட்டி வச்சிருக்க. அதுல பேரு வேற!"

போன் துண்டிக்கப்பட்டது.

ஜெபராணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். கடற்கரையில் அவள் அந்தத் தனிக் கிளாஸைக் கண்டதில்லை. அவர் அதைத் தவிர வேறு தனிக் கிளாஸைக் கண்டதில்லை. தொங்குகிற குவளைகள் எல்லாவற்றையும் பெயர் தெரிகிற மாதிரி படம் பிடித்து அனுப்பினாள். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"வெள்ளக்காரனுக்குமா தனி கிளாஸு?"

"அவியளுக்குத்தான் தனி கிளாஸு. நாள்பட்டுப் பழகின ஆளுக்கு மரியாத."

"எல்லாரும் உள்ளதான் உக்காருதாவளா?"

"உள்ளதான். எனக்க நேர் எதிர்ல."

"குடிச்ச பொறவு யாரு கழுவுதா?"

"நாங்கதான் கழுவுகோம். குடிச்சவன் எதுக்குக் கழுவணும்?"

தேவசுந்தரம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. "தனி கிளாஸுக்கு மரியாதன்னு ஒரு அர்த்தம் இருக்கும்னு எவன் கண்டான்! சரிட்டி, அடுத்த லீவுல வாரேன். அந்த அதிசயத்தப் பாத்துருவோம்."

இந்த நேரம் பார்த்துத்தான் ராஜீவ் வந்து சேர்ந்தான். ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடங்களுக்கும் பப்புக்கும் புது மேனேஜர். அண்ணா நகர்ப் பிள்ளை, முப்பது வயது, ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிப்பு. கெட்டவன் என்று சொல்ல முடியாது, யோசிக்காமல் வளர்ந்தவன். குளிர்காலம் தொடங்கியிருந்தது, சனிக்கிழமைகளில் கால்பந்து. பப்புக்குப் பின்னால் சும்மா கிடந்த முற்றத்தில் பெரிய திரை கட்டி, 'பப்ளிக் பார்' என்று பலகை மாட்டினான். முன்பக்கக் கூடத்துக்கு, வேலைப்பாடு செய்த கண்ணாடியில் 'சலூன் பார்'. இன்டர்நெட்டில் பார்த்துப் பிடித்த யோசனையாம்.

பிடித்த யோசனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. போன நூற்றாண்டு பாதி தாண்டுகிற வரைக்கும் பிரிட்டிஷ் பப்புகள் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து கிடந்தன. உழைப்பாளிக்குப் பப்ளிக் பார்: வெறுந்தரை, மர பெஞ்ச். துரைமார்களுக்குச் சலூன்: கம்பளம், மெத்தை. ஒரே பீப்பாய் பீர்தான். கம்பளத்துக்கு மட்டும் கூடுதல் விலை. சில பப்புகளில் துரையின் முகத்தை ஊற்றுகிறவள்கூடப் பார்த்துவிடக் கூடாது என்று முக உயரத்தில் திருப்புகிற கண்ணாடித் தடுப்பு வேறு. பிறகு அந்த ஊர்க்காரர்களுக்கே வெட்கமாகப் போய்ச் சுவரை இடித்தார்கள். அவர்கள் இடித்த சுவரை நம்ம பையன் அல் ஐனில் எழுப்பினான். பழமையின் அழகாம்!

வாசல் காவலாளிக்கு உத்தரவு: கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள், கேம்ப் அடையாள அட்டைக்காரர்கள், சேஃப்டி ஷூ போட்டவர்கள் பின்பக்கம். பின்பக்கத்துக்குப் பிளாஸ்டிக் கப்.

"அது ஏன் சார், அவியளுக்கு மட்டும் பிளாஸ்டிக்?" என்று ஜெபராணி கேட்டாள்.

"கிளாஸ் ஒடஞ்சா சேஃப்டி ப்ராப்ளம். அப்புறம் ஹைஜீன்."

"உள்ள உள்ளவிய ஒடைக்க மாட்டாவளா? போன வாரம் ட்ரெவர் சார் மூணு ஒடச்சாரு."

"ஜெபா, உள்ள வர்றவங்க வேற. உனக்கே புரியும்."

புரிந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டாள். வருகிற சனிக்கிழமை தேவசுந்தரம் வருகிறார். இந்த நேரத்தில் மேனேஜரோடு மல்லுக்கு நின்றால் வேறு ஷிப்டுக்குத் தள்ளிவிடுவான். நாலு வருஷம் காத்திருந்ததற்கு ஒரு சனிக்கிழமை பொறுத்துக்கொள்ளலாம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். இப்படி ஒவ்வொருவரும் ஒவ்வொரு சனிக்கிழமை பொறுத்துக்கொண்டதால்தானே அந்தத் தனிக் கிளாஸ்கள் நம் ஊரில் அத்தனை காலம் தொங்கின!

சனிக்கிழமை மாலை. மஞ்சள் வெயில், இதமான காற்று. சலூனில் நல்ல கூட்டம், முற்றத்தில் அதைவிடக் கூட்டம். ஜெபராணி ஊற்றிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். பஸ் எப்போதோ வந்திருக்க வேண்டும். போன் அடித்தாள், எடுக்கவில்லை. மனசு மாறி அபுதாபியிலேயே இறங்கிவிட்டாரோ? ட்ரெவரின் ஸ்டவுட்டை முக்கால் கிளாஸ் ஊற்றி ஆறவைத்திருந்தாள். கலக்கம் அடங்கிய பிறகும் மிச்சத்தை ஊற்ற மறந்து நின்றாள்.

முற்றத்தில் பரிமாறுகிற நேபாளப் பெண் புது கப் கட்டு எடுக்க ஓடிவந்தாள். வந்தவள் சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னாள்: "தீதி, வெளியே ஒரு வேடிக்கையான ஆள். கப்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவே இல்லை. குடித்த பிறகு இதை யார் கழுவுவார்கள் என்று என்னிடம் கேட்கிறார்."

ஜெபராணி குழாயை மூடினாள். பின்கதவைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

மூலை பெஞ்சில் தேவசுந்தரம் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை. படிய வாரிய தலை. கறுப்பு ஷூவுக்குப் பாலிஷ் பளபளத்தது; ஆனால் பாலிஷ் போட்டாலும் சேஃப்டி ஷூவின் இரும்பு மூக்கு இரும்பு மூக்குதானே. காவலாளி முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தே வழி காட்டிவிட்டான்.

"ஏன் போன் எடுக்கல? ஏன் எனக்க பேரச் சொல்லல?"

"எடுத்து என்னத்தச் சொல்ல? ஒம் பேரச் சொல்லி உள்ள வந்தா, அது ஒம் புருஷன்ங்கறதுக்காக. மத்த ஆளுவ?" பெஞ்சில் இருந்த மற்றவர்களைக் கண்ணால் காட்டினார். பிறகு கப்பைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "நம்மூரு எவ்வளவோ தேவல ஜெபா. அங்கன கிளாஸத்தான் தனியா வச்சாவ. இங்கன தூக்கியே எறிஞ்சிருவாவ போல."

சிரித்தபடி சொன்னதுதான் அவளைச் சுட்டது. கோபித்திருந்தால் சமாதானம் சொல்லியிருப்பாள். அழுதிருந்தால் கூடச் சேர்ந்து அழுதிருப்பாள். அவர் பழக்கப்பட்டவர் மாதிரி சிரித்தார்.

"இஞ்சயே இருங்க. போயிராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். நேபாளப் பெண்ணின் கையிலிருந்த பிளாஸ்டிக் கப் கட்டை வாங்கிக் கவுண்டரில் பிரித்தாள். கண்ணாடிக் கிளாஸ்களை எல்லாம் கீழ் அலமாரியில் அடுக்கிக் கதவைச் சாத்தினாள். மேலே தொங்கிய குவளைகள் பக்கம் திரும்பவே இல்லை. ட்ரெவரின் முக்கால் கிளாஸ் ஸ்டவுட்டைப் பிளாஸ்டிக் கப்பில் கவிழ்த்து அவர் முன்னால் வைத்தாள்.

ட்ரெவர் அதைப் பார்த்தார். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பரிசோதனைக்கு டாக்டர் பிடித்துவரச் சொன்ன மாதிரி இருக்கிறதே!" என்றார்.

"இன்னைக்கு எல்லோருக்கும் இதுதான் சார். ஹைஜீன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அடுத்தவருக்கும் பிளாஸ்டிக். அதற்கடுத்தவருக்கும். வரிசை பிசகவில்லை, மரியாதை குறையவில்லை, நுரையின் உயரம்கூட மாறவில்லை. கப் மட்டும்தான் மாறியது.

கூடத்தில் எழுந்த கூச்சல் இருக்கிறதே! பிரிட்டிஷ்காரன் பீரில் நுரை கூடினால் முகத்தைச் சுளிப்பான்; பிளாஸ்டிக்கில் கொடுத்தால் சாம்ராஜ்யமே கவிழ்ந்த மாதிரிக் குதிப்பான். ராஜீவ் ஓடிவந்தான்.

"ஜெபா, என்ன பண்ற? ப்ளீஸ், டிராமா வேணாம்."

"டிராமா இல்ல சார். கிளாஸ் ஒடஞ்சா ஆபத்துன்னு நீங்கதான சொன்னிய? இவியளுக்கும் கைய வெட்டும்லா?"

"இவங்க வேற, அவங்க வேறன்னு சொன்னேன்ல."

"எப்பிடி வேறன்னு நீங்களே இவிய முன்னால இங்கிலீஷ்ல சொல்லுங்க சார். நான் கேட்டுக்கிடுகேன்."

ராஜீவ் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். சில வாக்கியங்களைத் தனி அறையில்தான் சொல்ல முடியும். விளக்கு வெளிச்சத்தில் நாலு பேர் முன்னால் அவற்றுக்கு நிற்கக் கால் இருக்காது.

அவனுக்காகக் கௌரிசங்கர் பரிந்து வந்தார். "எதுக்கும்மா சீன் போடற? அவங்களே சந்தோஷமாத்தான் இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு எடம் இருக்குல்ல."

"ஷூ மட்டும்தான் சார் வேற. தாகம் ஒண்ணுதான்" என்றாள் ஜெபராணி. அவர் கப்பையும் நிரப்பி வைத்தாள். "வெளிய மூல பெஞ்சுல நீலச் சட்ட போட்டு ஒருத்தர் இருக்காரு. எனக்க மாப்பிள. மொத மொதலா நான் வேல செய்யது பாக்க வந்தாரு. காலப் பாத்துப் பின்னால அனுப்பியாச்சு."

கௌரிசங்கர் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெரிய புரட்சி என்று சொன்னால் பொய். ட்ரெவருக்கும் கூட்டாளிகளுக்கும் சமத்துவத்தைவிடக் கண்ணாடிக் கிளாஸ்மேல்தான் பாசம். ஆனால், கப்போடுதான் குடிக்க வேண்டும் என்றால் காற்றாட வெளியே நின்று குடிக்கலாமே என்று ஒருவர் கிளம்பினார். வெளியே திரையும் பெரிதாக இருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். சற்று நேரத்தில் சலூனில் மின்சார நெருப்பும் ராஜீவும்தான் மிச்சம். முற்றத்தில் வாத்தியாரும் வெல்டரும் ஒரே பெஞ்சில் ஒரே மாதிரி கப்போடு உட்கார்ந்து, ஒரே கோல்கீப்பரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ட்ரெவர் தேவசுந்தரத்திடம் போய், "நீங்கள்தானா அந்தக் குவளைக்காரர்?" என்று கை நீட்டினார்.

ஆட்டம் முடிவதற்குள் ராஜீவ் தானே தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். தட்டில் கண்ணாடிக் கிளாஸ்கள். எல்லா பெஞ்சுக்கும். "இன்னைக்கு மட்டும்" என்று அவன் முணுமுணுத்ததை யாரும் காதில் வாங்கவில்லை.

தேவசுந்தரம் உள்ளே வந்தார். கவுண்டரில் கையூன்றி, அவள் சாய்த்துப் பிடிப்பதையும் நிறுத்துவதையும் காத்திருப்பதையும் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். வெள்ளீயக் குவளையில் ஊற்றி வைத்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு, "இம்புட்டு வேல இருக்காட்டி இதுல?" என்றார்.

"பின்ன? சும்மா தெறந்து விடுகேன்னு நெனச்சியளா?"

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அவரை வழியனுப்ப நின்றாள். ஊரிலிருந்து அவர் தங்கச்சி கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அவர் வழக்கம்.

"மதினி நல்லாருக்காவளாண்ணே? ரிசப்ஷன்ல ரொம்ப வேலயோ?"

ஜெபராணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"ரிசப்ஷன்லாம் இல்ல புள்ள. ஒங்கிட்ட பொய் சொன்னேன். ஒங்க மதினி பப்புல பீர் ஊத்துதா."

"என்னண்ணே சொல்லுத!"

"நெசமாத்தான். அந்தக் கடையே அவ கையிலதான் நிக்கி. நான் நேத்துப் போயிப் பாத்தேன்."

ஜெபராணி, கண்ணில் புழுதி விழுந்துவிட்டதாகச் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ராஜீவ் சும்மா விடவில்லை. ஒரு மாதம் அவளைக் காலை ஆம்லெட் பகுதிக்குத் தள்ளினான். அந்த மாதம் கொக்குக் கடையில் யார் முன்னால், யார் பின்னால் என்று தெரியாமல் தினமும் சண்டை. வாடிக்கையாளர்கள் நச்சரித்தார்கள், திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டான். 'பப்ளிக் பார்' பலகை இறங்கிவிட்டது. முற்றத்தில் கண்ணாடிக் கிளாஸ்தான். காவலாளியின் கண் இன்னமும் சிலநாள் ஷூவின் மூக்குக்குப் போகத்தான் செய்கிறது. அப்படிப் போகிற நாளில் ஜெபராணி வாசலுக்கே போய் நின்றுகொள்கிறாள்.

நீங்கள் அல் ஐன் போக வேண்டாம். பீர் குடிக்கவும் வேண்டாம். இன்றைக்கு உங்கள் வீட்டு அடுக்களைக்குப் போங்கள். பாத்திரம் கழுவ வருகிற அம்மாவுக்கென்று ஒரு டம்ளரை ஜன்னல் ஓரத்திலோ பால்கனியிலோ ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால், அதை எடுத்து வந்து உங்கள் டம்ளர்களோடு சேர்த்து அடுக்குங்கள். நாளைக் காலையில் அவர் வந்ததும் உட்காரச் சொல்லி, கைக்கு வந்த டம்ளரில் அவருக்குக் காப்பி கொடுங்கள். அதே அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து, எதிரே உட்கார்ந்து நீங்களும் குடியுங்கள்.